ஹெட்லைட் துடிக்கிறதா? பல்ப் வாங்கப் போகும் முன்

மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு 33 கிலோமீட்டர். ஐப்பசி மழையில், ராத்திரி எட்டரை மணி இருக்கும், குஞ்சப்பனைக்கு மேலே ஒரு வளைவில் என் காரின் ஹெட்லைட் இரண்டும் ஒரு நொடி சாம்பல் பூத்த கங்கு மாதிரி மங்கித் திரும்ப எரிந்தன. அடுத்த வளைவிலும் அப்படியே. முன்னால் மிஸ்ட், பக்கத்தில் பள்ளம். பலாப்பழ சீசனில் யானை ரோட்டோரம் நிற்கிற இடம் அது. அப்போது சீசன் இல்லை என்பது மட்டும்தான் ஆறுதல்.

மறுநாள் ஒரு கடையில் சொன்னபடி இரண்டு பல்பையும் மாற்றினேன். நான்கு நாள் ஒழுங்காக எரிந்தது. பிறகு மறுபடி துடிப்பு. இன்னொரு கடையில் "பேட்டரி வீக்" என்றார்கள். புது பேட்டரி போட்டேன், ஒரு வாரம் தாக்குப்பிடித்தது. மூன்றாவதாகப் போனது எங்கள் பக்கத்தில் எல்லோரும் பாய் என்று கூப்பிடும் வயதான ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம். அவர் ஒன்றையும் கழற்றவில்லை. ஒரு முழம் ஒயரை எடுத்தார். ஒரு முனையை பேட்டரி நெகட்டிவில் வைத்து, மறுமுனையை ஹெட்லைட்டின் எர்த் போல்ட்டில், அதாவது கரண்ட் பாடிக்குத் திரும்பும் இடத்தில், தொட்டார். மங்கிக் கிடந்த வெளிச்சம் திடீரென்று எகிறியது.

"பாத்தியா தம்பி, போற வழி சரியா இருக்கு. திரும்பி வர்ற வழிதான் அடைச்சிருக்கு" என்றார்.

அன்றிலிருந்து ஹெட்லைட் துடிக்கிறது என்று யார் வந்தாலும் நான் பல்பைப் பார்ப்பதில்லை. கரண்ட் பேட்டரியிலிருந்து கிளம்பி, ஃப்யூஸ், சுவிட்ச், ரிலே (சின்ன கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் பெட்டி), ஹோல்டர், பல்ப் எல்லாம் தாண்டி, பாடி வழியாக பேட்டரிக்கே திரும்புகிறது. அந்தச் சுற்றில் எங்கே வோல்ட் தொலைகிறது என்று அளந்து கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அளக்காமல் பொருள் வாங்கினால் என்னைப் போல இரண்டு தடவை பில் கட்ட வேண்டியதுதான்.

முதலில் எதெல்லாம் கோளாறே இல்லை

ஐட்லிங்கில் நிற்கும்போது ரேடியேட்டர் ஃபேன் ஓடத் தொடங்கினால் ஹெட்லைட் ஒரு கணம் தாழ்ந்து எழும். ஏசி கம்ப்ரசர் பிடிக்கும்போதும் அப்படித்தான். மோட்டார் கிளம்பும்போது ஒரே மூச்சில் நிறைய கரண்ட் இழுக்கும். அதில் பயப்பட ஒன்றுமில்லை.

மலைக்காரர்களுக்கு இன்னொன்று உண்டு. இப்போது வரும் சின்ன கார்களில் பெரும்பாலும் எலக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங். கொண்டை ஊசி வளைவில் வேகம் குறைந்து, இன்ஜின் சுற்றும் இறங்கி, ஸ்டீயரிங்கை முழுக்க ஒடிக்கும் நேரத்தில் அந்த மோட்டார் பல பத்து ஆம்பியர் கேட்கும். இன்ஜின் ஓட்டத்தில் கரண்ட் உண்டாக்கும் ஆல்டர்னேட்டரோ குறைந்த சுற்றில் தன் முழுத் திறனில் ஒரு பகுதியைத்தான் கொடுக்கும். மிச்சத்தை பேட்டரி ஈடுகட்ட வேண்டும். குன்னூர் மலைப்பாதையின் 14 கொண்டை ஊசி வளைவுகளிலும் வளைக்கும்போது மட்டும் லேசாக மங்கி, நேரானதும் சரியானால் அது இயல்பு. நன்றாகவே இருட்டிக்கொண்டு போனால் பேட்டரியோ அதன் டெர்மினலோ தளர்ந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

செல்போன் வீடியோவில் மட்டும் எல்.இ.டி. விளக்கு துடிப்பதாகத் தெரிந்தால் விட்டுவிடுங்கள். பல எல்.இ.டி. விளக்குகள் நொடிக்குப் பல நூறு தடவை அணைந்து எரிபவைதான். கண்ணுக்குத் தெரியாத அந்தத் துடிப்பை கேமரா பிடித்துக் காட்டுகிறது.

கையில் வேண்டியவை

சில நூறு ரூபாயில் கிடைக்கும் சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர். 10ஆம் நம்பர் ஸ்பேனர். உப்புத்தாள், பழைய டூத்பிரஷ், வீட்டில் இருக்கும் ஆப்பச் சோடா, வாசலின். இரண்டு முனையிலும் முதலைக் கிளிப் மாட்டிய ஒரு நீள ஒயர். இரண்டு மூன்று ஃப்யூஸ். இவ்வளவு போதும்.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்துங்கள். நம் ஊரில் சமதளம் கிடைப்பதே அபூர்வம், எனவே ஹேண்ட்பிரேக் போட்டு, கியரை நியூட்ரலில் வைத்து, சக்கரத்துக்குக் கீழே கல்லும் வைத்துவிடுங்கள். குளிருக்குச் சுற்றியிருக்கும் மஃப்ளரைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் பானட்டுக்குள் குனிய வேண்டும். ஓடும் பெல்ட்டில் மஃப்ளர் நுனி மாட்டினால் நினைக்கவே நேரம் இருக்காது. மோதிரம், கைச்சங்கிலி, மெட்டல் ஸ்ட்ராப் வாட்ச் எல்லாம் கழற்றிவிடுங்கள். எலக்ட்ரிக் ஃபேன் இன்ஜின் அணைந்த பிறகும் தானாகச் சுற்றக்கூடும். அதன் பக்கம் கை போகக் கூடாது.

சுவரைப் பார்த்து நோய் அறிதல்

இருட்டிய பிறகு ஒரு சுவருக்கோ ஷெட் கதவுக்கோ நேராக நான்கைந்து மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்துங்கள். வண்டிக்குள் ஒருவர் உட்கார வேண்டும், வெளியே நின்று ஒருவர் பார்க்க வேண்டும். எங்கள் வீட்டில் வெளியே நிற்பது என் மனைவி. "என்னங்க, இடது பக்கம் மட்டும்தான் ஆடுது, வலது அப்படியே இருக்கு" என்று அவள் சொன்ன ஒரு வாக்கியம் ஒருமுறை எனக்கு அரை நாள் வேலையை மிச்சப்படுத்தியது.

ஒரு பக்கம் மட்டும் துடித்தால் பேட்டரி, ஆல்டர்னேட்டர் இரண்டையும் மறந்துவிடலாம். அவை இரண்டு விளக்குக்கும் பொது. கோளாறு அந்தப் பக்கத்துப் பல்ப், ஹோல்டர், எர்த், அல்லது அந்தப் பக்கத்துக்கென்று தனி ஃப்யூஸ் இருந்தால் அது.

இரண்டும் சேர்ந்து துடித்தால், இன்ஜினை அணைத்து விளக்கை மட்டும் போட்டுப் பாருங்கள். இன்ஜின் அணைந்திருக்கையில் மங்கலானாலும் ஆடாமல் எரிகிறது, ஓடும்போது மட்டும் ஆடுகிறது என்றால் சார்ஜிங் பக்கம் சந்தேகம். அணைந்திருக்கும்போதும் ஆடுகிறது என்றால் ஆல்டர்னேட்டர் நிரபராதி. டெர்மினல், சுவிட்ச், ரிலே, எர்த் இவற்றில் ஒன்று.

லோ பீமில் மட்டும் வருகிறதா, ஹை பீமிலும் வருகிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். ஹெச்4 பல்புக்குள் இரண்டு இழைகள். இரண்டுக்கும் வழி தனித்தனி, பொது முனை ஒன்றே. ஒரு பீமில் மட்டும் கோளாறு என்றால் பொதுவான இடங்களை விட்டுவிடலாம்.

இன்டிகேட்டர் போட்டதும் ஹெட்லைட்டும் அதன் தாளத்துக்குச் சேர்ந்து துடிக்கிறதா? லோ பீம் எரியும்போது பார்க்கிங் விளக்கு விசித்திரமாக மங்குகிறதா? அப்படியானால் மேற்கொண்டு படிக்காமல் நேராக எர்த் பகுதிக்குத் தாவலாம். திரும்பும் வழி அடைபட்ட கரண்ட் பக்கத்து விளக்கின் வழியாகச் சந்துபொந்தில் புகுந்து போகிறது என்பதற்கு அதுதான் அடையாளம்.

பேட்டரியும் டெர்மினலும்

வண்டியை ராத்திரி முழுக்க நிறுத்திவிட்டு, காலையில் எதையும் போடாமல் மல்டிமீட்டரை 20 வோல்ட் டி.சி.யில் வைத்து பேட்டரியின் இரண்டு முனையிலும் அளங்கள். 12.6 என்றால் முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால். 12.2 என்றால் பாதி. 12.0க்கு வந்துவிட்டால் கிட்டத்தட்ட காலி. பிறகு ஒருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டு மீட்டரைப் பாருங்கள். 10 வோல்ட்டுக்குக் கீழே சரிந்தால் பேட்டரி வயதாகிவிட்டது என்று பொருள். மார்கழியில் ஊட்டிப் பக்கம் புல்லில் உறைபனி படியும் காலையில் எந்த பேட்டரியும் கொஞ்சம் சோம்பித்தான் எழும், அதையும் கணக்கில் வையுங்கள். கோயம்புத்தூரில் நன்றாக ஸ்டார்ட் ஆகிற பேட்டரி தலைகுந்தாவில் முனகும்.

அடுத்தது டெர்மினல். கையால் பிடித்துத் திருகிப் பாருங்கள், அசையவே கூடாது. வெள்ளையும் நீலமுமாகப் பூத்திருந்தால் சுத்தம் செய்யுங்கள். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். இந்த வரிசை மாறினால் ஸ்பேனர் பாடியில் பட்டு வெல்டிங் நடக்கும். வெந்நீரில் ஆப்பச் சோடா கரைத்து பிரஷ்ஷால் தேயுங்கள், நுரைத்து அடங்கும். அந்தத் தண்ணீர் பேட்டரி மூடி வழியாக உள்ளே இறங்கக் கூடாது. பக்கத்தில் பீடி, சிகரெட் கூடாது. பேட்டரியிலிருந்து வரும் ஹைட்ரஜன் தீப்பிடிக்கும். காய்ந்ததும் உள்பக்கத்தை உப்புத்தாளால் பளபளப்பாக்கி, இறுக்கி, அதற்குப் பிறகே மேலே வாசலின் தடவுங்கள். முதலில் வாசலின் தடவிவிட்டு மாட்டுகிறவர்கள் உண்டு. தொடர்பு உலோகத்துக்கு உலோகமாக இருக்க வேண்டும்.

சுத்தம் செய்தது சரிதானா என்று பார்க்க ஒரு வழி. ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு, மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் ஈயக் குமிழின் நடுவிலும் மறுமுனையை அதைக் கவ்வியிருக்கும் கிளாம்ப்பிலும் வையுங்கள். கிட்டத்தட்ட பூஜ்யம் வர வேண்டும். 0.1 வோல்ட் வந்தாலே அந்த மூட்டு கரண்டைத் தின்கிறது.

சார்ஜிங்

இன்ஜினை நிமிடத்துக்கு 2000 சுற்றில் வைத்து, பேட்டரி முனையில் அளங்கள். 13.8 முதல் 14.5 வரை நல்ல எண். ஹெட்லைட், பின்கண்ணாடி டிஃபாகர், புளோயர் எல்லாம் போட்ட பிறகும் 13 வோல்ட்டுக்கு மேல் உறுதியாக நிற்க வேண்டும். 15ஐத் தாண்டினால் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் போய்விட்டது. பல்ப் அடிக்கடி எரிந்துபோவதற்கும் அதுவே காரணமாக இருக்கும். எண் ஒரு இடத்தில் நிற்காமல் 13க்கும் 14.5க்கும் இடையே குதித்துக்கொண்டிருந்தால் ஆல்டர்னேட்டர் பிரஷ் தேய்ந்திருக்கலாம். புதிய சில கார்களில் கம்ப்யூட்டரே சார்ஜிங்கை ஏற்றி இறக்கும், அங்கே எண் மெதுவாக மாறுவதைக் கோளாறு என்று நினைத்துவிட வேண்டாம்.

இப்போது மீட்டரை ஏ.சி. வோல்ட்டுக்கு மாற்றி அதே இடத்தில் வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் ஆல்டர்னேட்டருக்குள் ஏ.சி.யை டி.சி.யாக்கும் டயோடு ஒன்று செத்திருக்கிறது. இப்படிப்பட்ட வண்டியில் விளக்கு மங்குவதில்லை, படபடவென்று நடுங்கும். ஆக்சிலேட்டரை அழுத்த அழுத்த நடுக்கம் வேகமாகும்.

மழைக்காலக் காலையில் ஸ்டார்ட் செய்ததும் கிறீச் என்று சத்தம் வந்து, அதே நேரம் விளக்கு மங்கினால் பெல்ட். இரண்டு புல்லிக்கு நடுவே பெல்ட் நீளமாகப் போகும் இடத்தில் கட்டைவிரலால் அழுத்தினால் சுமார் 10 மில்லிமீட்டர் அமுங்கலாம், அதற்கு மேல் தொங்கினால் இறுக்க வேண்டும். பக்கங்கள் கண்ணாடி போல் மின்னினாலோ வெடித்திருந்தாலோ மாற்றிவிடுங்கள்.

ஒரு பழைய பழக்கத்தை மட்டும் கைவிடச் சொல்வேன். "ஓடும்போது பேட்டரி ஒயரைக் கழட்டிப் பாரு, வண்டி அணையலன்னா டைனமோ நல்லாருக்கு" என்று இன்னமும் சொல்கிறார்கள். அம்பாசடர் காலத்தில் செய்திருக்கலாம். இன்றைய காரில் அப்படிக் கழற்றினால் வோல்ட் எகிறி, இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டரான இ.சி.யு.வே போகலாம். நூறு ரூபாய்ச் சந்தேகத்துக்குப் பல ஆயிரம் ரூபாய்ச் சோதனை.

எர்த்: மலை வண்டியின் தீராத வியாதி

இங்கேதான் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

ஹெட்லைட்டுக்குப் பின்னால், ஃபெண்டர் உள்பக்கத் தகட்டில் ஒரு சின்ன போல்ட் இருக்கும். மூன்றோ நான்கோ கறுப்பு ஒயர்கள் வளையத்தோடு வந்து அதில் உட்கார்ந்திருக்கும். ஆறு மாதம் மழையும் மிஸ்ட்டும் படுகிற ஊரில், அந்த வளையத்துக்கும் தகட்டுக்கும் இடையில் ஈரம் புகுந்து துரு மெல்லிய தோலாகப் படிகிறது. மேலே பார்த்தால் போல்ட் இறுக்கமாகவே இருக்கும். என் வண்டியில் அப்படித்தான் இருந்தது. பாய் அதைக் கழற்றி வளையத்தைத் திருப்பிக் காட்டினார். மேல்பக்கம் பித்தளை நிறம். அடிப்பக்கம் காபித்தூள் ஒட்டியது போல் பழுப்பு. நடுவில் மட்டும் ஊசிமுனை அளவுக்கு இரண்டு இடம் பளபளத்தது. ஹெட்லைட் இரண்டும் அந்த இரண்டு புள்ளியை நம்பித்தான் எரிந்துகொண்டிருந்தன. குழியில் வண்டி குலுங்கினால் ஒரு புள்ளி விட்டுப்போகும், விளக்கு மங்கும்; அடுத்த குலுக்கலில் திரும்பப் பிடிக்கும். பல்பும் பேட்டரியும் மாற்றியபோது சில நாள் சரியானதன் ரகசியமும் அதுதான்: வேலை செய்யும்போது ஒயர் அசைந்து, வேறு இரண்டு புள்ளி தற்காலிகமாகத் தொட்டிருக்கிறது.

இதை அளக்கும் முறை. ஹெட்லைட் எரிந்துகொண்டிருக்க வேண்டும். மீட்டர் 20 வோல்ட் டி.சி.யில். கறுப்பு முனை பேட்டரி நெகட்டிவ் குமிழில். சிவப்பு முனையை ஹோல்டரின் பின்பக்கம் வழியாக எர்த் ஒயரின் முனையில் செருகுங்கள். ஹோல்டரைக் கழற்றக் கூடாது, கழற்றினால் கரண்ட் ஓடாது, அளவுக்கு அர்த்தமில்லை. 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. என் வண்டியில் 1.4 காட்டியது.

1.4 வோல்ட் என்றால் ஏதோ சின்ன எண் போலத் தோன்றும். ஹாலஜன் பல்பில் வோல்ட் குறைவதைவிட வெளிச்சம் பல மடங்கு வேகமாகக் குறையும், 13.5 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 12 வந்தால் வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. மிஸ்ட்டில் அது எவ்வளவு என்று மலைப்பாதையில் ஓட்டியவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பலர் இங்கே மீட்டரை பீப் சத்தம் போடும் கன்டின்யூட்டியில் வைத்துப் பார்த்துவிட்டு, "எர்த் நல்லாருக்கு" என்று முடித்துவிடுகிறார்கள். அந்த பீப் ஏமாற்றும். இரண்டு லோ பீம் பல்பும் 55 வாட் வீதம் சேர்ந்து சுமார் 9 ஆம்பியர் இழுக்கின்றன. அந்த ஓட்டத்தில் 1.4 வோல்ட் தின்ன வெறும் 0.15 ஓம் தடை போதும். மீட்டரின் ஒயரே கிட்டத்தட்ட அவ்வளவு காட்டும். ஆகவே கரண்ட் ஓடும்போதுதான் அளக்க வேண்டும். மீட்டரே இல்லாவிட்டால் பாய் செய்ததைச் செய்யுங்கள்: நீள ஒயரால் பேட்டரி நெகட்டிவையும் அந்த எர்த் போல்ட்டில் இருக்கும் வளையத்தையும் இணைத்துப் பாருங்கள். வெளிச்சம் எகிறினால் குற்றவாளி கிடைத்துவிட்டார். ஒயர் தவறியும் பாசிட்டிவில் படக் கூடாது.

சரிசெய்வது எளிது. போல்ட்டைக் கழற்றி, வளையத்தின் இரு பக்கமும், அது உட்காரும் தகடும் வெள்ளி மாதிரி மின்னும்வரை உப்புத்தாளால் தேயுங்கள். தகட்டில் பெயின்ட் இருந்தால் வளையத்தின் அகலத்துக்குச் சுரண்டுங்கள். பல் வைத்த வாஷர் ஒன்று போட்டு இறுக்கினால் குலுக்கலுக்குத் தளராது. இறுக்கிய பிறகு மேலே வாசலின். பேட்டரி நெகட்டிவிலிருந்து பாடிக்கும், பாடியிலிருந்து இன்ஜினுக்கும் போகும் தடித்த ஒயர்களையும் அதே கையோடு பார்த்துவிடுங்கள். பின்னல் ஒயராக இருந்தால் இழைகள் பச்சையாகி அறுந்திருக்கும்.

சில கார்களில் சுவிட்ச் எர்த் பக்கத்தை வெட்டும், பல்பின் பொது முனைக்கு பாசிட்டிவ் வரும். உங்கள் வண்டி அந்த வகையா என்று அறிய, ஹோல்டரைக் கழற்றி, ஹெட்லைட்டைப் போட்டு அணைத்து மூன்று முனையிலும் அளந்தால் தெரிந்துவிடும். அணைத்த பிறகும் ஒரு முனையில் 12 வோல்ட் நின்றால், அல்லது போட்டதும் ஒரே முனையில் மட்டும் இரு பீமிலும் வோல்ட் வந்தால், அதே வகை. அங்கே அளவைத் தலைகீழாக எடுத்துக்கொள்ளுங்கள்.

ஹோல்டர்

எர்த் சரி என்றால், இப்போது பாசிட்டிவ் பக்கம். சிவப்பு முனை பேட்டரி பாசிட்டிவில், கறுப்பு முனை ஹோல்டரின் எரியும் பீம் முனையில். அரை வோல்ட்டுக்குள் இருந்தால் பிழைத்துப் போகலாம். அதற்கு மேல் என்றால் வழியில் எங்கோ தொலைகிறது. பாதி வழியில் வைத்து, அதில் பாதி வழியில் வைத்து அளந்துகொண்டே வந்தால் இடம் அகப்படும்.

பெரும்பாலும் ஹோல்டரிலேயே அகப்படும். கழற்றி முகர்ந்து பாருங்கள். பிளாஸ்டிக் பழுப்பேறி, ஒரு முனையைச் சுற்றி உருகி இருந்தால் 100/90 வாட் பல்ப் எப்போதோ போட்ட வண்டி அது. மிஸ்ட்டுக்கு வெளிச்சம் பத்தவில்லை என்று நம் பக்கம் நிறையப் பேர் அதைப் போடுகிறார்கள். 60/55 வாட்டுக்குப் போட்ட ஒயர் அந்தச் சூட்டைத் தாங்காது, ரோட்டில் போட அனுமதியும் இல்லை, எதிரே வருகிறவன் கண்ணும் போகும். ஹோல்டரை மாற்றும்போது பீங்கான் ஹோல்டர் வாங்குங்கள். ஒயரை முறுக்கி டேப் சுற்றுவது மலையில் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது; கிரிம்ப் செய்து (உலோகக் குழாயில் செருகி நசுக்கி), பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டு மூடுங்கள். மூன்று ஒயரின் மூட்டும் ஒரே இடத்தில் வராமல் ஏற்ற இறக்கமாக வெட்டுங்கள்.

பல்பைத் திரும்ப மாட்டும்போது கண்ணாடியில் விரல் படக் கூடாது. விரல் எண்ணெய் பட்ட இடம் மட்டும் அதிகமாகச் சூடேறி பல்ப் சீக்கிரம் போகும். பட்டுவிட்டால் ஸ்பிரிட்டால் துடையுங்கள்.

ஃப்யூஸ், ரிலே, சுவிட்ச்

ஃப்யூஸை இழுத்து கால்களைப் பாருங்கள். கறுத்தோ நிறம் மாறியோ இருந்தால் பெட்டியின் பிடி தளர்ந்திருக்கிறது. துடிப்பு நிற்கட்டும் என்று பெரிய ஆம்பியர் ஃப்யூஸ் போடாதீர்கள், ஃப்யூஸுக்குப் பதில் ஒயர் எரியும்.

ரிலேயைச் சோதிக்க மாற்று வைத்தியம் சுலபம். ஹார்னுக்கும் ஹெட்லைட்டுக்கும் ஒரே எண் போட்ட ரிலே இருந்தால் இடம் மாற்றிப் போடுங்கள். கோளாறு ஹார்னுக்குப் போய்விட்டால் முடிந்தது கதை. இருபது நிமிடம் ஓட்டிச் சூடானபின் மட்டும் வரும் துடிப்புக்கு ரிலே அல்லது சுவிட்சின் மேல் என் சந்தேகம் முதலில் போகும்.

பல பழைய சின்ன கார்களில் ஹெட்லைட்டின் முழு கரண்டும் ஸ்டீயரிங் பக்கத்து காம்பினேஷன் சுவிட்ச் வழியாகவே போகும். விளக்கு எரியும்போது அந்தத் தண்டை மெல்ல ஆட்டிப் பாருங்கள். வெளிச்சம் ஆடினால், அல்லது தண்டின் அடி சூடாக இருந்தால், உள்ளே முனைகள் கருகியிருக்கின்றன. ஏர்பேக் இருக்கும் வண்டியில் ஸ்டீயரிங்கை நீங்களே கழற்ற வேண்டாம், அதைத் தெரிந்தவரிடம் விடுங்கள்.

சுவிட்சைப் பாதுகாக்க ரிலே கிட் போடலாம். பேட்டரி பாசிட்டிவிலிருந்து, பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் ஃப்யூஸ் வைத்து, 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் ரிலேயின் 30ஆம் முனைக்கு. 87இலிருந்து பல்புகளுக்கு. பழைய ஹெட்லைட் ஒயர் 86க்கு, 85 எர்த்துக்கு. லோ பீமுக்கு ஒன்று, ஹை பீமுக்கு ஒன்று என இரண்டு ரிலே. சுவிட்சுக்கு இனி ரிலேயைத் தட்டி எழுப்பும் வேலை மட்டும்தான். எர்த் பக்கம் வெட்டும் வண்டிக்கு இந்த இணைப்பு பொருந்தாது. அதற்கென்று வரும் கிட்டைக் கேட்டு வாங்குங்கள். புது வண்டியில் கை வைத்தால் வாரன்டி போகும் என்பதையும் மறக்க வேண்டாம்.

எலி, தண்ணீர், எல்.இ.டி.

குளிர் ஊரில் ராத்திரி சூடான இன்ஜின் எலிக்கு லாட்ஜ். ஹெட்லைட் பின்னால் போகும் ஒயரில் பல் தடம் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ஒன்றிரண்டு இழை மட்டும் மிச்சம் வைத்துக் கடித்திருந்தால் விளக்கு துடிக்காமல் என்ன செய்யும்?

லைட் கண்ணாடிக்குள் லேசான ஆவி படிந்து, எரியவிட்டதும் கொஞ்ச நேரத்தில் மறைந்தால் கவலை இல்லை. சொட்டு சொட்டாக நின்றால் பின்மூடி ரப்பரைப் பாருங்கள். பல்ப் மாற்றியவர் அதைச் சரியாக உட்காரவைக்காமல் போயிருப்பார்.

ஹாலஜன் விளக்கில் வெளியே வாங்கிய எல்.இ.டி. பல்ப் போட்டு அது துடித்தால், பெரும்பாலும் வண்டியின் கம்ப்யூட்டர் பல்ப் இருக்கிறதா என்று அனுப்பிப் பார்க்கும் துடிப்புக்கோ, துடிப்பாகவே கரண்ட் கொடுக்கும் முறைக்கோ அந்த பல்ப் ஒத்துவரவில்லை. டீகோடர் என்று ஒரு பெட்டி விற்பார்கள். நான் சொல்வது, எடுத்துவிட்டு ஹாலஜனே போடுங்கள். அந்த ரிஃப்ளெக்டர் அதற்கென்று செய்ததல்ல. மிஸ்ட்டில் வெள்ளைச் சுவர் எழுப்புவதுதான் மிச்சம். கம்பெனியே கொடுத்த எல்.இ.டி. துடித்தால் சர்வீஸ் சென்டர்தான். எச்.ஐ.டி. எனும் ஸீனான் விளக்கில் எரியத் தொடங்கும் நேரத்தில் 20,000 வோல்ட்டுக்கு மேல் வரும். அதில் கை வைக்காதீர்கள்.

ஓட்டிப் பார்ப்பது

எல்லாம் மாட்டிய பின் சுவர் சோதனையை மறுபடி செய்யுங்கள். பல்பைக் கழற்றும் முன்பே வெளிச்சத்தின் மேல்கோட்டைச் சுவரில் டேப் ஒட்டிக் குறித்திருந்தால் இப்போது உயரம் சரிதானா என்று ஒப்பிட்டுவிடலாம். பிறகு ஊருக்குள்ளேயே குண்டும் குழியுமான ரோடாகப் பார்த்து அரைமணி நேரம் ஓட்டுங்கள், அதற்குப் பஞ்சமில்லை. முதல் ராத்திரியே கல்லட்டியின் 36 வளைவுகளில் சோதித்துப் பார்க்கப் போக வேண்டாம்.

வழியிலேயே மலைப்பாதையில் விளக்கு போனால்: ஹசார்ட் போட்டு வேகத்தைக் குறையுங்கள். லோ பீம் போயிருந்தால் ஹை பீம் போடுங்கள், அது வேறு இழை. அதுவும் இல்லையென்றால் பாஸ் லைட் தண்டை இழுத்துப் பிடியுங்கள், பல வண்டிகளில் அது வேறு முனை வழியாக எரியும். ஃபாக் லேம்ப் இருந்தால் அதைப் போட்டுக்கொண்டு, புளோயர், டிஃபாகர், பாட்டு எல்லாவற்றையும் அணையுங்கள். வளைவில் நிற்காமல், நேரான இடம் வந்ததும் பள்ளத்துப் பக்கம் அல்லாமல் மலைப் பக்கம் ஒதுக்குங்கள். யானை நடமாடும் இடம் என்றால் இறங்காமல் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பின்னால் வரும் வண்டிக்குக் காத்திருங்கள். பஸ்ஸோ காய்கறி லாரியோ வந்தால் அதன் பின்னாலேயே ஊர் வந்து சேரலாம். சக்கரத்துக்குக் கல் வைத்திருந்தால் கிளம்பும்போது எடுத்து ஓரம் போடுங்கள். போன வாரம் கட்டபெட்டுக்கு இந்தப் பக்கம் யாரோ விட்டுப்போன கல்லில்தான் என் முன் டயர் கிழிந்தது.